பலகையில் 12 நிமிடம்

நகரத்துக்குள் ஓடும் விரைவுச் சாலை ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சாலைக்கு மேலே தொங்குகிற பலகையில் எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதுகிற வேலை" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அந்த எண்ணை எழுதுவது மென்பொருள். அதற்குத் திட்டு வாங்குவதுதான் என் பங்கு.

சேர்ந்த மூன்றாவது வாரத்தில் வந்த ஓர் அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது. உதவி எண்ணுக்கு அழைத்தவருக்கு உதவி எதுவும் தேவைப்படவில்லை, கேட்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

"அம்மா, நான் ஏறும்போது 12 நிமிடம் என்று போட்டிருந்தீர்கள். ஏறி 20 நிமிடமாகிறது. இறங்க வேண்டிய இடம் எதிரே தெரிகிறது, போய்ச் சேரத்தான் முடியவில்லை. யாரை ஏமாற்றுகிறீர்கள்?"

திரையைப் பார்த்தேன். "சார், இப்போது பலகையில் 21 என்றுதான் இருக்கிறது" என்றேன்.

"கண் கெட்ட பிறகு எதற்கு அம்மா சூரிய நமஸ்காரம்?" என்று வைத்துவிட்டார். ஓட்டிக்கொண்டே பேசுகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு மென்பொருளில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஷிப்டின் மூத்தவர், எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டார். "ஒவ்வொரு கட்டமும் 3 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கட்டத்துக்கு 3 நிமிடம். நான்கும் சேர்ந்து 12. சரியா? காலை 8 மணிக்கு நான்கு கட்டத்திலும் 60தான். அவர் 8 மணிக்கு ஏறுகிறார். 8.05க்குக் கடைசிக் கட்டத்தில் நெரிசல் பிடிக்கிறது, வேகம் 15க்கு இறங்குகிறது. அவர் அந்தக் கட்டத்துக்கு வந்து சேரும்போது மணி 8.09. அதைக் கடக்க மட்டும் 12 நிமிடம். மொத்தம் எவ்வளவு?"

21. அவர் சொன்னதும் சரி, பலகை சொன்னதும் சரி. பலகை 8 மணிக்கு இருந்த சாலையைச் சொன்னது. அவர் ஓட்டியதோ 8.09க்கு இருந்த சாலையில்.

இதன் மறுபக்கத்துக்கு யாரும் அழைத்துத் திட்டுவதில்லை. நெரிசல் கலைகிற நேரத்தில் பலகையில் 21 என்று இருக்கும். ஏறியவர் 12 நிமிடத்தில் போய்விடுவார். பலகை பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றாது. தான் நன்றாக ஓட்டியதாகத் தோன்றும்.

முன்கூட்டியே கணித்துப் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டோம். பல மாதங்களின் பதிவை வைத்து, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி என்றால் 8.10க்கு இப்படித்தான் இருக்கும் என்று மென்பொருள் ஊகிக்கும். சாதாரண நாட்களில் அது நன்றாகவே பலித்தது. ஆனால் சாதாரண நாட்களில் தினமும் போகிறவருக்குப் பலகையே தேவையில்லை, மனக்கணக்கு போதும். விபத்து நடந்த நாளில்தான் பலகையை நிமிர்ந்து பார்ப்பார். அன்றைக்குப் பழைய பதிவு கைகொடுக்காது.

சரி, அந்த 60, 15 எல்லாம் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் தரைக்குள்ளிருந்து. சாலைப் பரப்பில் செவ்வகமாகக் காடி வெட்டி, மின்கம்பியைச் சில சுற்று சுற்றிப் புதைத்து, மேலே பசை ஊற்றி மூடிவிடுவார்கள். நாங்கள் அதை 'லூப்' என்போம். கம்பியில் மாறுமின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உலோக உடல் ஒன்று மேலே வந்ததும் சுருளின் மின்தூண்டல் குறையும். ஓரத்துப் பெட்டியில் இருக்கும் கருவி அதை ஒரு வண்டி என்று எண்ணிக்கொள்ளும். எவ்வளவு நேரம் மேலே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு சுருள் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஆன நேரத்தை வைத்து வேகம் கிடைத்துவிடும். ஒரே சுருள் இருந்தால் ஊகம்தான்: வண்டியின் நீளம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, அது சுருளின் மேல் இருந்த நேரத்தால் வகுக்க வேண்டும்.

அந்த ஊகம் என்னை முதல் இரவு ஷிப்டிலேயே பயமுறுத்தியது. மணி இரண்டரை. வரைபடத்தில் ஒரு துண்டு பச்சையிலிருந்து சிவப்பாயிற்று. 20 கிலோமீட்டர் வேகம் என்றது. விபத்து என்று முடிவுகட்டி ரோந்து வண்டிக்கு ஒலிவாங்கியை எடுத்துவிட்டேன். அண்ணன் பேசாமல் கேமராவைத் திருப்பினார். வெறிச்சோடிய சாலை. தூரத்தில் சரக்கு ஏற்றிய டிரெய்லர் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சுருளின் நீளத்தையும் சேர்த்து 6 மீட்டர் என்று மென்பொருள் வைத்துக்கொண்டிருந்தது. வந்ததோ 18 மீட்டர். 60இல் போன டிரெய்லர் மூன்று மடங்கு நேரம் சுருளின் மேல் இருந்ததால், மென்பொருளின் கணக்கில் 20இல் ஊர்ந்த காராகிவிட்டது. பகலில் கார்களுக்கு நடுவே இந்தப் பிழை கரைந்துவிடும். இரவில் டிரெய்லர்கள் மட்டும் ஓடும்போது, காலியான சாலை நெரிசலாகத் தெரியும்.

லூப்பின் ஆயுளும் சாலையின் ஆயுள்தான். மேல்பரப்பைச் சுரண்டிப் புதிதாகப் போடும் இயந்திரத்துக்குக் கம்பி இருப்பது தெரியாது. மறுநாள் காலை அந்தத் தடத்தில் ஒரு வண்டிகூடப் போகவில்லை என்று அறிக்கை வரும். அதைவிட மோசமானது, கம்பி பாதி அறுந்து எப்போதும் வண்டி நிற்பதாகச் சொல்லிக்கொண்டே இருப்பது. செத்த கருவியை உடனே கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிற கருவியோடுதான் மாதக்கணக்கில் போராட வேண்டும்.

ஒருமுறை கருவிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் பயண நேரம் தொடர்ந்து குறைவாகவே வந்தது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு காரணம் அகப்பட்டது. ஒரு தடத்தில் 60, பக்கத்துத் தடத்தில் 20 என்றால் மென்பொருள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 40 என்று எடுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடக் கணக்கில் மார்க் கிடைக்கும். சாலையில் கிடைக்காது. 3 கிலோமீட்டரைக் கடக்க ஒருவருக்கு 3 நிமிடம், இன்னொருவருக்கு 9 நிமிடம். சராசரி 6 நிமிடம். அதற்கான வேகம் 30. வேகங்களைச் சராசரி எடுத்தால் வேகமாகப் போகிறவர் கணக்கைத் தூக்கிவிடுவார். நேரங்களைச் சராசரி எடுத்தால்தான் மெதுவாகப் போகிறவரும் கணக்கில் வருவார். எங்களை அழைத்துத் திட்டுபவர்களும் அவர்கள்தானே.

பிறகு கைபேசிகள் வந்தன. தரையைத் தோண்ட வேண்டாம், கம்பி அறுந்துபோகாது, கடைசி மீட்டர் வரை வேகம் தெரியும். 2008 பிப்ரவரி 8 அன்று கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகமும் நோக்கியாவும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. ஜிபிஎஸ் கைபேசி பொருத்திய 100 கார்களை ஐ-880 நெடுஞ்சாலையில் போகவும் வரவும் ஓடவிட்டார்கள். மொத்தப் போக்குவரத்தில் அந்தக் கார்கள் 2 முதல் 5 விழுக்காடு இருந்தாலே சாலையின் வேகத்தை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்பது அதில் தெரிந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு நொடியும் எங்கே இருக்கிறது என்று கைபேசி சொல்லிக்கொண்டே போகவில்லை. சாலையின் குறுக்கே கற்பனையாக வரைந்த கோடுகளைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைச் சொன்னது. யார் எந்த வீட்டிலிருந்து கிளம்பினார் என்பது நெரிசலைக் கணக்கிடத் தேவையே இல்லை. அதைச் சேகரிக்காமலே வேலை நடக்கும் என்று அன்றே காட்டிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன்.

நகர விரைவுச் சாலைக்கென்று கைபேசித் தரவில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. எங்கள் சாலை பல கிலோமீட்டர் தூரம் தூண்களின் மேல் ஓடியது. நேர் கீழே, சிக்னல்கள் உள்ள சாதாரணச் சாலை. கிடைமட்டத்தில் இடத்தைச் சுமாராகச் சொல்லும் ஜிபிஎஸ், உயரத்தைச் சொல்வதில் இன்னும் மோசம். மேலே சாலை காற்று வாங்கிக்கொண்டிருக்கும். கீழே சிக்னலில் நாற்பது வண்டி நிற்கும். அந்த நாற்பது கைபேசிகளில் பத்தை மென்பொருள் மேலே தூக்கி வைத்துவிட்டால் போதும், விரைவுச் சாலை சிவந்துவிடும். சிக்னல் பச்சையானதும் அதுவும் பச்சையாகும். 90 நொடிக்கு ஒருமுறை சிவந்து வெளுக்கிற நெரிசல் உலகத்தில் எங்கும் கிடையாது என்று அண்ணன் சொல்வார். அந்தத் தாளத்தைப் பார்த்தே இது கீழ்ச்சாலையின் நெரிசல் என்று கண்டுபிடித்துவிடுவோம். பிறகு, எந்த ஏறுவழியில் நுழைந்த கைபேசி என்பதைத் தொடர்ந்து பார்த்து மேல், கீழ் என்று பிரிக்கும் முறை வந்தது. அப்போதும் சுரங்கப் பகுதியில் ஜிபிஎஸ் கிடைக்காது. அங்கே பழைய லூப்தான் சோறு போட்டது.

கைபேசி நகர்வதும் வண்டி நகர்வதும் ஒன்று என்பதே ஒரு நம்பிக்கைதான். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைபேசிகளைச் சிறிய இழுவண்டி ஒன்றில் போட்டு பெர்லின் தெருக்களில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்தது. எங்கள் அறையில் அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். "கேமராவில் பார்க்காமல் எதையும் பலகையில் ஏற்றாதே" என்று மட்டும் சொன்னார்.

சேகரிப்பது இப்படி என்றால், பகிர்வது வேறு மாதிரித் தலைவலி. வானொலியில் சொல்லும் பழக்கம் பழையது. ஜெர்மனியில் 1974இலேயே, போக்குவரத்து அறிவிப்பு வரும்போது காரின் வானொலிக்குத் தனிச் சமிக்ஞை அனுப்பும் முறை வந்துவிட்டது. 1996 ஏப்ரலில் ஜப்பான் விஐசிஎஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது. விரைவுச் சாலையோரங்களில் ரேடியோ பீக்கன்கள் (கடந்துபோகிற வண்டிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள்), நகரச் சாலைகளில் அகச்சிவப்பு பீக்கன்கள், பரந்த பகுதிக்கு எஃப்எம் ஒலிபரப்பு என மூன்று வழிகளில் நெரிசல் செய்தியை வண்டிக்குள் இருக்கும் திரைக்கே அனுப்பினார்கள். வானொலி ஊர் முழுவதற்கும் சொல்லும். பீக்கனைக் கடக்கிற வண்டிக்கோ அதன் வழியில் எதிரே இருப்பதை மட்டும் சொல்லலாம்.

பலகைக்கு அந்த வசதி இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறவர் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறார். 150 மீட்டருக்கு முன்பிருந்து எழுத்து தெரிகிறது என்று வைத்துக்கொண்டாலும் 7 நொடி முழுசாகக் கிடைக்காது. அதற்குள் முன்னால் போகிற வண்டியையும் பார்க்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் "முன்னால் விபத்து ஏற்பட்டுள்ளதால் வாகன ஓட்டிகள் மெதுவாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதி அண்ணனிடம் காட்டினேன். அழைப்பிதழா என்று கேட்டார். "விபத்து 2 கி.மீ." என்று திருத்தினார்.

அதைவிடப் பெரிய பாடம் 'மாற்று வழி' என்ற இரண்டு சொற்களிலிருந்து கிடைத்தது. ஒரு மாலை, நடுவில் லாரி பழுதாகி இரண்டு தடம் அடைந்தது. முந்தைய இறங்குவழியில் இறங்கிக் கீழ்ச்சாலையில் போகும்படி பலகையில் போட்டேன். பத்து நிமிடம் பெருமையாக இருந்தது. மேலே வரிசை குறைந்தது. பிறகு, இறங்கியவர்கள் எல்லோரும் கீழே முதல் சிக்னலில் நின்றார்கள். அவர்களின் வரிசை இறங்குவழியில் மேலேறி, விரைவுச் சாலைக்குள்ளேயே நீண்டது. இப்போது என்னிடம் இரண்டு நெரிசல்கள். இரண்டாவது என் கையெழுத்தில். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனையைச் சொன்னால், அந்த யோசனையே கெட்டுப்போகும். அதற்குப் பிறகு, எங்கே போக வேண்டும் என்று பலகையில் நான் எழுதியதே இல்லை. எங்கே என்ன நிற்கிறது என்று மட்டும் எழுதினேன். பாதிப் பேர் இறங்கினார்கள், பாதிப் பேர் நின்றார்கள்.

நிமிடக் கணக்கைவிட எனக்கு நம்பிக்கை வந்தது வரிசையின் வாலைச் சொல்வதில்தான். நெரிசலின் தலை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: ஏறுவழி சேருமிடம், மேட்டுத் தொடக்கம், பழுதான லாரி. வால் மட்டும் பின்னோக்கி, வருகிறவர்களை நோக்கி நகரும். எதுவுமே நடக்காமலும் வால் முளைக்கும். நாகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமாவும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகச் சொன்னார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, குறுகல் இல்லை. சிறிது நேரத்தில் சில கார்கள் நின்றுவிட்டன; அந்த நிற்றல் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் கார்களின் திசைக்கு எதிராக நகர்ந்தது. "ஒன்றுமே இல்லையே, ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டவர்களிடம் இந்தச் சோதனையைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் வந்திருக்கிறது. 80இல் வருகிறவருக்கு, வளைவுக்கு அப்பால் நிற்கும் கடைசி வண்டி எங்கே என்பதுதான் உயிர்ச்செய்தி. மொத்தப் பயணம் 12 நிமிடமா 21 நிமிடமா என்பது அதற்குப் பிறகுதான். "வரிசை 1 கி.மீ." என்று போட ஆரம்பித்தோம். வால் நகர நகர அந்த எண்ணையும் நகர்த்த வேண்டும். கை ஓயாது.

இவ்வளவு சொல்லிவிட்டு என் மெத்தைக் கதையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

இரவு 10.20. ஒருவர் அழைத்து நடுத்தடத்தில் மெத்தை கிடக்கிறது என்றார். அடுத்தவர் சோபா என்றார். மூன்றாமவர் குரல் நடுங்க, ஆள் விழுந்து கிடக்கிறார் என்றார். எங்கே என்று கேட்டால் ஒருவருக்கு வளைவு தாண்டி, ஒருவருக்குப் பெரிய விளம்பரப் பலகைக்கு முன்னால். 100 மீட்டருக்கு ஒரு தூரக்கல் இருக்கிறது, அதன் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. நானே பயணியாகப் போகும்போது பார்த்ததில்லை. கேமரா கேமராவாகத் தேடி, கடைசியில் மூவர் சொன்ன இடத்துக்கும் 900 மீட்டர் தள்ளிக் கண்டுபிடித்தேன். மெத்தைதான். அடிக்கிற காற்றில் ஓரம் தூக்கித் தூக்கி அடங்கியது. ஆள் என்று நினைத்ததில் தவறில்லை. "நடுத்தடம் தடை" என்று பலகையில் ஏற்றினேன். ரோந்துப் பணியாளர்கள் 10.50க்கு அகற்றிவிட்டுத் தகவல் சொன்னார்கள். பதிவேட்டில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அதற்குள் வேறோர் அழைப்பு.

11.40க்கு ஒருவர் கேட்டார்: "நடுத்தடம் தடை என்று போட்டிருக்கிறீர்களே அம்மா, அங்கே ஒன்றுமே இல்லையே?"

50 நிமிடம். சுத்தமான தடத்தைவிட்டு அத்தனை பேரையும் ஓரமாக விலகவைத்திருக்கிறேன். விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு அந்தப் பலகையைக் கடந்தவர்கள் அடுத்த முறை அதில் "தடை" என்று பார்த்தால் காலைப் பிரேக்கின் பக்கம் கொண்டுபோவார்களா? பெரிய அறிக்கை எழுதி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். எந்தச் செய்தியை ஏற்றினாலும் அது எப்போது இறங்கும் என்பதையும் அப்போதே குறிக்கச் சொன்னார். நேரம் தெரியாவிட்டால் 15 நிமிடம். அதற்குமேல் வேண்டுமென்றால் மறுபடி பார்த்து மறுபடி ஏற்று.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். மென்பொருளில் 'அகற்று' என்று அழுத்தினால் திரையில் செய்தி போய்விடும். பலகையில் போய்விட்டதா என்பது வேறு விஷயம். இடையில் தகவல் இணைப்பு அறுந்திருந்தால் பழைய எழுத்து அப்படியே எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கேமரா அதன் முதுகைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. மழை பெய்த இரவுகளில் மட்டும் எனக்கு அது கவலையாக இருந்ததில்லை. நனைந்த சாலையில் பலகையின் மஞ்சள் வெளிச்சம் நீளமாகப் படிந்திருக்கும். 'அகற்று' என்று அழுத்திவிட்டுக் கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நொடி, இரண்டு நொடி. மஞ்சள் போய்த் தார் கறுத்ததும் பதிவேட்டை எடுத்து நேரத்தை எழுதுவேன்.